புழுவுக்குள் வளரும் ஈ: மலையகத்து மரங்களில் ஒட்டுண்ணி ஈக்களைக் கண்டறிந்து காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நிழல் மரத்தின் இலைகள் நரம்பு மட்டும் மிஞ்சும்படி தின்னப்பட்டிருந்தால், தோட்டத்தில் முதலில் எழும் கேள்வி "என்ன மருந்து அடிப்பது?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மரத்தில் இருக்கும் புழுக்களில் எத்தனை உண்மையில் அந்துப்பூச்சியாகப் போகின்றன? நன்றாக நடந்து, நன்றாகத் தின்றுகொண்டிருக்கும் ஒரு புழுவின் உடலுக்குள் ஈயின் குடம்பி (முட்டையிலிருந்து வரும் இளம் பருவம்) ஒன்று வளர்ந்துகொண்டிருக்கலாம். அந்தப் புழுவின் ஆயுள் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. அதன்மேல் மருந்து அடித்தால் மிச்சமாவது ஒன்றுமில்லை. அடுத்த தலைமுறைப் புழுக்களைத் தேடிப் போகவிருந்த ஈ மட்டும் சாகிறது.

ஆகவே மருந்துத் தாங்கியைத் தோளில் மாட்டுவதற்கு முன் கொஞ்சம் புழுக்களை எடுத்து வளர்த்துப் பாருங்கள். ஆய்வுகூடம் தேவையில்லை. வெறும் ஜாம் போத்தல்கள், மெல்லிய துணி, ரப்பர் வளையம், ஒரு கொப்பி, நாள்தோறும் சில நிமிடப் பொறுமை ஆகியவை போதும். தோட்டத்தில் வேலை செய்பவர்கள், காட்டோரத்தில் மரக்கறி பயிரிடுபவர்கள், உயர்தர உயிரியல் மாணவர்கள் என்று எவரும் செய்யக்கூடியது இது.

எந்த ஈயைத் தேடுகிறோம்?

டக்கினிட் ஈக்கள் என்பது பெரியதொரு குடும்பம். உலகில் 8,000-க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றின் குடம்பிகள் பிற பூச்சிகளின், சிறுபான்மையாகப் பிற கணுக்காலிகளின், உடலுக்குள் வளர்ந்து, கடைசியில் அவற்றைக் கொன்றுவிடுகின்றன. அதிகம் அகப்படுவது அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள்தாம்.

தூரத்திலிருந்து பார்த்தால் வீட்டு ஈ என்றே நினைப்பீர்கள். அருகில் போனால் வேறுபாடு தெரியும். வயிற்றின் பின்பகுதியில் தடித்த கறுப்பு முட்கள் போன்ற மயிர்கள் விறைத்து நிற்கும். உருப்பெருக்கி வில்லை இருந்தால் பக்கவாட்டில் மார்புப் பகுதியின் கடைக்கோடியைப் பாருங்கள்: மேலே ஒரு முக்கோணத் தகடு, அதற்கு நேர் கீழே இன்னொரு சிறு புடைப்பு. அந்தப் புடைப்புத்தான் இக்குடும்பத்தின் அடையாளம். நடத்தையும் காட்டிக்கொடுக்கும். உணவுக் கழிவிலோ சாணத்திலோ மொய்க்காமல், இலையின் மேலும் கீழும் அவசர அவசரமாக நடந்து, நின்று, மறுபடி நடந்து, ஏதோ தொலைத்ததைத் தேடுவதுபோல் திரியும் ஈ ஒன்றைப் புழு தின்ற கிளையில் கண்டால், பெரும்பாலும் அதுதான்.

இறைச்சி ஈக்கள் இதனுடன் குழம்பும். அவற்றின் முதுகில் மூன்று கறுப்புக் கோடுகளும் வயிற்றில் சதுரங்கக் கட்டங்களும் இருக்கும். அவற்றிலும் சில இனங்கள் புழுக்களைத் தாக்குபவைதாம். ஆனால் பல செத்த உடலைத் தேடி வருபவை. இந்த வேறுபாடு பின்னர் நமக்கு வேண்டியிருக்கும்.

மலையகத்தில் இன்னொரு விளக்கமும் அவசியம். ஒட்டுண்ணிக் குளவி என்று சொன்னாலே, கொழுந்து எடுப்பவர்களைக் கொட்டி வைத்தியசாலைக்கு அனுப்பும் குளவிக் கூடுகள்தான் நினைவுக்கு வரும். அது நியாயமான பயம். ஆனால் புழுவைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளில் மிகப் பல சில மில்லிமீற்றர் நீளமே உள்ளவை. கூடு கட்டிக் கூட்டமாக வாழாதவை. நம் போத்தலில் அவையும் வெளிவரும். பயந்து நசுக்கிவிட வேண்டாம்.

புழுவின் தோலைப் படித்தல்

எல்லா டக்கினிட் ஈக்களும் ஒரே வழியில் முட்டையிடுவதில்லை. சில, வெண்மையான நீள்வட்ட முட்டையைப் புழுவின் தோல்மேல் ஒட்டிவிடுகின்றன. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான அளவு. ஆனாலும் கரும்பச்சைத் தோலில் வெறுங்கண்ணுக்கே பளிச்சென்று தெரியும். தலைக்குச் சற்றுப் பின்னால், புழு தன் வாயைத் திருப்பினாலும் எட்டாத இடத்தில், அவை அடிக்கடி இருக்கும்.

வேறு சில இனங்கள் கண்ணுக்கே தெரியாத நுண்முட்டைகளை இலையில் தூவிவிடுகின்றன. புழு இலையோடு சேர்த்து அவற்றையும் விழுங்குகிறது. முட்டை குடலில் பொரிக்கிறது. இன்னும் சில, வயிற்றுக்குள்ளேயே பொரித்த குடம்பியைப் புழுவின் மேலோ, புழுவின் எச்சம் கிடக்கும் இடத்திலோ விட்டுவிட்டுப் போகின்றன. எனவே தோலில் முட்டை இல்லை என்பதை வைத்து ஈ இல்லை என்று முடிவு செய்ய முடியாது. வளர்த்துப் பார்ப்பதற்கான காரணமே இதுதான்.

முட்டை இருந்தாலும் புழுவின் கதை முடிந்தது என்று சொல்வதற்கில்லை. முட்டை பொரிப்பதற்கு முன் புழு தோலுரித்தால், முட்டை பழைய தோலோடு போய்விடும், புழு தப்பிவிடும். போத்தலின் அடியில் கிடக்கும் சுருண்ட பழைய தோலை விரித்துப் பாருங்கள். அதில் முழு முட்டை ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சுற்றில் வென்றது புழு.

உள்ளே போன குடம்பிக்கும் மூச்சு விடக் காற்று வேண்டும். புழுவின் உடல் தன்னுள் வந்த அந்நியனைச் சுற்றிச் சுவர் எழுப்பப் பார்க்கிறது. ஈயின் குடம்பி அந்தச் சுவரையே ஒரு புனல்போல் ஆக்கிக்கொண்டு, புழுவின் தோலிலோ மூச்சுக்குழாயிலோ துளையிட்டுக் காற்றை இழுக்கிறது. எதிரி கட்டிய கோட்டையில் குடியிருப்பது என்றால் இதுதான். வெளிர்நிறப் புழுக்களின் பக்கவாட்டில் கறுத்த சிறு தழும்பு தெரிந்தால், அது இந்தத் துளையாக இருக்கலாம்.

எங்கே, எப்போது, எப்படி எடுப்பது

இடத்தை முதலில் தீர்மானியுங்கள். ஹக்கலை, ஹோர்டன் சமவெளி, சிவனொளிபாதமலைச் சரணாலயம், நக்கிள்ஸ் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதி இல்லாமல் எந்த உயிரினத்தையும் எடுக்கக் கூடாது. வனசீவராசிகள் திணைக்களம் அல்லது வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். நம் வேலைக்கு அங்கே போகத் தேவையும் இல்லை. தேயிலை மலையின் நிழல் மரங்கள், லயத்துக்குப் பின்னால் உள்ள கொய்யா, ஆற்றோரப் புதர், யூகலிப்டஸ் தோப்பின் ஓரம் போதும். தோட்டத்துக்குள் என்றால் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அண்மையில் மருந்து அடித்தார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். அடித்த இடத்துப் புழுவை வளர்த்துக் கிடைக்கும் கணக்கு ஒன்றுக்கும் உதவாது.

காலத்தைப் பொறுத்தவரை, மலையகம் முழுவதற்கும் ஒரே நாட்காட்டி கிடையாது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சி. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்தில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும் உலர்காலம். உங்கள் சரிவில் புழு எப்போது பெருகுகிறது என்பதை ஒரு வருடமாவது எழுதிவைத்தால், எந்தப் பொது அட்டவணையைவிடவும் அது பயன்படும்.

கையால் தொடாதீர்கள். பச்சை நிறத்தில், முட்கள் கொத்துக்கொத்தாக நிற்கும் புழுக்கள் தேயிலையிலும் நிழல் மரத்திலும் உண்டு. பட்டால் தீச்சுட்டதுபோல் எரியும். மயிர்க்கொட்டிகளின் மயிர் காய்ந்த பின்னும் அரிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. புழு இருக்கும் இலையையோ சிறு கிளையையோ கத்தரித்து அப்படியே பெட்டிக்குள் போடுவதே நல்லது. முழுக்கைச் சட்டை, கையுறை இருக்கட்டும்.

எதை எடுப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சோர்ந்து கிடக்கும் புழுக்களை மட்டும் பொறுக்கினால் ஒட்டுண்ணி வீதம் பொய்யாக உயரும். கொழுத்த புழுக்களை மட்டும் எடுத்தால் மறுபக்கம் சாயும். பல மரங்களில், மேல் கிளை கீழ்க் கிளை என்று பாராமல், கண்ணில் படும் முதல் புழுக்களை வரிசையாக எடுங்கள். நாற்பது ஐம்பது இருந்தால் ஒரு மதிப்பீட்டுக்கு வரலாம். சிறிய புழுக்களும் பெரிய புழுக்களும் தனித்தனியாகக் குறிக்கப்பட வேண்டும், ஏனெனில் சிறியவற்றை நாம் எடுத்து வந்ததாலேயே அவற்றை ஈ தேடிவரும் நாட்கள் குறைந்துபோகின்றன. குச்சிகளைக் கோத்துப் பை கட்டித் தொங்கும் புழுக்களையும், இலையை மடித்து உள்ளே கிடப்பவற்றையும், பையோடும் மடிப்போடும் எடுக்க வேண்டும்.

போத்தலில் வளர்த்தல்

ஒரு போத்தலுக்கு ஒரு புழு. இடம் பிடிக்கும் வேலைதான். ஆனால் பத்துப் புழுக்களை ஒரே பெட்டியில் போட்டால், எந்தப் புழுவிலிருந்து எந்த ஈ வந்தது என்று சொல்ல முடியாது. ஒன்றுக்கு நோய் வந்தால் எல்லாம் போகும்.

போத்தலின் அடியில் சலித்த மண் அல்லது தும்புத்தூள், இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயரத்துக்கு. இலேசாக ஈரம் இருக்கட்டும். கையில் பிடித்துப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. பல ஈக்களின் குடம்பிகள் புழுவை விட்டு வெளியேறியதும் மண்ணைத் தேடி இறங்கிப் புதைந்துகொள்ளும். வாயை மெல்லிய துணியால் மூடி ரப்பர் வளையம் போடுங்கள். மூடியில் ஆணியால் துளையிட்டு வைப்பது மலைநாட்டு மூடுபனியில் போதாது. இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

எந்த மரத்தில் எடுத்தீர்களோ அந்த மரத்தின் இலையையே நாள்தோறும் கொடுங்கள். மழையில் நனைந்த இலையைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். எச்சத்தைத் தூரிகையால் அகற்றுங்கள். வெயில் படும் ஜன்னலோரமும் அடுப்பங்கரையும் கூடாது. நுவரெலியாவின் குளிரில் வளர்ச்சி மெதுவாகத்தான் நடக்கும். சூடுகாட்டி அவசரப்படுத்தினால் புழு வாடிச் சாகும், உள்ளிருக்கும் ஈயும் சேர்ந்து போகும்.

ஒவ்வொரு போத்தலிலும் பென்சிலால் எழுதிய ஒரு சீட்டு: திகதி, இடம், ஏறத்தாழ எத்தனை மீற்றர் உயரம், மரம், புழுவின் அளவு. பேனை மை ஈரத்தில் கரைந்துவிடும்.

வெளியே வருவது என்ன?

புழு தின்பதை நிறுத்தி, நிறம் மங்கி, தளர்ந்து கிடக்கும். அதன் பின் வெண்மையான, காலில்லாத, தலை என்று ஒன்று தெரியாத குடம்பி தோலைக் கிழித்து வெளியே வரும். அடுத்த சில மணி நேரத்தில் அது சுருங்கி, மேல்தோல் இறுகி, வெளிர்மஞ்சளிலிருந்து செம்பழுப்பாக மாறும். மண்ணைக் கிளறினால் இருபுறமும் உருண்ட, வளையங்கள் மங்கலாகத் தெரியும் அந்தக் கூடு கிடைக்கும். ஒரு பெரிய புழுவிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகளும் வரலாம். ஈக்களை எண்ணாமல் புழுக்களை எண்ணுங்கள்: மூன்று ஈ தந்த புழுவும் கணக்கில் ஒன்றுதான்.

சில ஈக்கள் அவசரப்படாது. புழு கூட்டுப்புழுவாக மாறும்வரை காத்திருந்து அதன் பின்னரே வெளிவரும். ஆகவே புழு கூட்டுப்புழுவாகிவிட்டது என்று கொப்பியை மூடிவிடாதீர்கள்.

புழுவின் உடல்மேலோ பக்கத்திலோ வெள்ளைப் பட்டு உருண்டைகள் கொத்தாகத் தெரிந்தால் அவை ஒட்டுண்ணிக் குளவியின் கூடுகள். புழு பின்கால்களால் கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கி, தொட்டால் பழுப்பு நீராக உடைந்தால் வைரசு நோய். உடல் இறுகி, வெள்ளை அல்லது பச்சைத் தூள் பூத்திருந்தால் பங்கசு. மழைக்காலத்தில் இது அதிகம். இவையும் இயற்கை எதிரிகளே, தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இறைச்சி ஈக்களும் இன்னும் சிறிய பிணந்தின்னி ஈக்களும் துணியின் இடுக்கு வழியே செத்த புழுவில் முட்டையோ குடம்பியோ இட்டுவிடும். புழு செத்து அழுகி நாற்றம் எடுத்த பின் சின்னஞ்சிறு குடம்பிகள் கூட்டமாக நெளிந்தால், அதை ஒட்டுண்ணிக் கணக்கில் சேர்க்காதீர்கள். உண்மையான ஒட்டுண்ணி பெரும்பாலும் புழு உயிரோடு இருக்கும்போது அல்லது செத்த உடனே வெளியேறும்.

ஈ வெளிவர எத்தனை நாள் என்றால், வெப்பமான தாழ்சரிவில் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரம். உயரம் கூடக் கூட அது நீளும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்க வாய்த்தால் பாருங்கள். ஈயின் நெற்றியிலிருந்து ஒரு பை காற்றடைத்ததுபோல் உப்பி, சுருங்கி, மறுபடி உப்பி, கூட்டின் ஒரு முனையை மூடிபோல் தள்ளித் திறக்கும். வெளியே வருவது வெளிறிய, சிறகு கசங்கிய ஓர் உருவம். சிறகு விரிந்து நிறம் கறுக்கக் கொஞ்ச நேரம் வேண்டும்.

காலியான கூட்டையும் எறிய வேண்டாம். முனையில் மூடிபோல் திறந்திருந்தால் ஈ வந்திருக்கிறது. பக்கவாட்டில் விளிம்பு ஒழுங்கற்ற சிறு வட்டத் துளை இருந்தால், ஈயையே தின்ற வேறொரு குளவி வந்திருக்கிறது. ஒட்டுண்ணிக்கும் ஒட்டுண்ணி உண்டு.

கணக்குப் பார்த்தல்

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 50 புழுக்கள் வளர்த்தீர்கள். 20 அந்துப்பூச்சியாயின. 12-இல் ஈ வந்தது, 3-இல் குளவி. 9 நோயில் செத்தன. 6 காரணம் புரியாமல் செத்தன. மொத்தத்தில் ஈயின் பங்கு 24 வீதம். ஆனால் நோயிலும் பிற காரணத்திலும் செத்தவற்றுக்குள் ஈ இருந்திருந்தால் அது தெரியாமலே போயிருக்கும். அவற்றை நீக்கி, முடிவு தெளிவான 35 புழுக்களில் பார்த்தால் ஈயின் பங்கு 34 வீதம். இரண்டு எண்ணையும் எழுதிவையுங்கள். எது எந்த முறையில் வந்தது என்பதையும்.

ஒரே தடவை எடுத்த எண்ணை நம்பி முடிவு எடுக்காதீர்கள். ஈ எப்போதும் புழுவுக்குப் பின்னால்தான் வரும். பெருக்கத்தின் தொடக்கத்தில் வீதம் குறைவாகவும், முடிவில் கூடுதலாகவும் இருப்பது இயல்பு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடுத்து, ஏறுகிறதா என்று பார்ப்பதே பயன் தரும்.

ஈ புகுந்த புழு உடனே தின்பதை நிறுத்துவதில்லை. ஏறத்தாழக் கடைசி நாள்வரை தின்னும். இந்தச் சுற்றில் போன இலை போனதுதான். பலன் அடுத்த தலைமுறைப் புழுக்களின் எண்ணிக்கையில் தெரியும். காட்டு மரத்துக்கும் நிழல் மரத்துக்கும் இதைத் தாங்கும் சக்தி உண்டு. நல்ல நிலையிலுள்ள மரம் ஒரு முறை மொட்டையானாலும் துளிர்த்துவிடும். தேயிலையில் இலையே விளைச்சல். அங்கே அதே பொறுமையை எதிர்பார்க்க முடியாது. ஆகவே என் கருத்து: நிழல் மரத்துப் புழுவுக்கு மருந்து அடிப்பது அநேகமாக வீண், கொழுந்திலேயே கை வைக்கும் புழு என்றால் மட்டும் யோசிக்கலாம்.

மருந்து பற்றி, மலையகத்தின் சொந்த வரலாற்றிலிருந்து

இலையைச் சுருட்டி உள்ளே வாழும் தேயிலைச் சுருட்டுப்புழு ஒரு காலத்தில் இலங்கைத் தேயிலையின் பெரும் பீடை. 1930-களின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து மெக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்ற ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டது. அது நிலைகொண்டு, சுருட்டுப்புழுவை அடக்கி வைத்தது. பிறகு தண்டைத் துளைக்கும் வண்டுக்கு எதிராக டைல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லி அடிக்கப்பட்டது. வண்டு குறைந்திருக்கலாம், ஆனால் குளவியும் அழிந்தது, அடங்கிக் கிடந்த சுருட்டுப்புழு மீண்டும் பெருகியது. ஒரு பீடைக்கு அடித்த மருந்து இன்னொரு பீடையின் காவலனைக் கொன்றுவிட்ட இந்தச் சம்பவம், பீடை முகாமைத்துவம் படிப்பவர்கள் உலகெங்கும் எடுத்துக்காட்டும் ஒன்று. அங்கே காவலன் குளவி. ஈக்கும் அதே விதிதான்: பலவகைப் பூச்சிகளையும் கொல்லும் மருந்து இலைமேல் நடந்து திரியும் ஈயைப் புழுவுக்கு முன்பே கொன்றுவிடும்.

தவிர்க்கவே முடியாத நிலையில், பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் பற்றீரியாவைக் கொண்ட தயாரிப்புகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். புழு அதைத் தின்றால்தான் வேலை செய்யும். வளர்ந்த ஈக்குப் பாதிப்பு இல்லை. புழு இளசாக இருக்கும்போது அடிக்க வேண்டும். எந்தப் பயிருக்கு எது அனுமதிக்கப்பட்டது என்பதை, தேயிலை என்றால் தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்திடமும், மற்றவற்றுக்கு விவசாயத் திணைக்களத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள். மலை முழுவதும் அடிக்காமல், புழு உள்ள மரங்களில் மட்டும் அடியுங்கள்.

ஈக்கு இடம் கொடுத்தல்

வளர்ந்த ஈ புழுவைத் தின்பதில்லை. தேனும், அசுவினி போன்ற பூச்சிகள் சுரக்கும் இனிப்பு நீரும்தான் அதன் உணவு. அதன் வாய் குட்டையானது. ஆழமான குழாய்ப் பூக்கள் உதவா. கொத்தமல்லி, சோம்பு, கரட் போன்றவற்றின் குடைபோன்ற பூங்கொத்துகள் சரியானவை. நுவரெலியாப் பக்கத்தில் கரட் பயிரிடுபவர்கள் வரப்போரத்தில் சில செடிகளைப் பிடுங்காமல் பூக்க விடலாம். தேயிலை மலையில் கான் ஓரத்துப் பூண்டுகளைப் பூக்க முன் முழுவதும் வழிக்காமல், பகுதி பகுதியாக வெட்டலாம்.

அடுத்தது, கையால் பொறுக்கும் புழுக்களை நெருப்பில் போடும் வழக்கம். நிழல் மரத்திலிருந்து பொறுக்கிய பெரிய புழுக்களையும் பைப்புழுக்களையும் ஒரு பெட்டியில் போடுங்கள். அடியில் ஒரு கை உயரத்துக்கு மண், மேலே மழைக்குக் கூரை, பக்கங்களில் கம்பி வலை. வலைக்கண் ஈ நுழைந்து போகக்கூடியதாகவும் அந்துப்பூச்சி நுழைய முடியாததாகவும் இருக்க வேண்டும். நீங்கள் முன்பு வளர்த்தெடுத்த ஈயையும் பூச்சியையும் வைத்தே அளவைச் சரிபாருங்கள். புழு ஏறித் தப்பாமல் இருக்க வலையின் விளிம்பில் கிறீஸ் பூசலாம், வெளியிலிருந்து எறும்பு வராமல் கால்களை நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தலாம். சுருட்டுப்புழு போன்ற சிறிய பூச்சிகளுக்கு இந்த முறை பொருந்தாது. அவற்றின் பூச்சியும் ஈயும் ஏறத்தாழ ஒரே அளவு.

வெளியூர் ஈ வேண்டாம்

பிற நாடுகளில் ஈயை விட்டு வென்ற கதைகளைப் படித்ததும் ஆசை வரும். சைசெனிஸ் அல்பிகன்ஸ் என்ற ஈ 1950-களில் ஐரோப்பாவிலிருந்து கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, ஓக் மரங்களை மொட்டையாக்கிய பனிக்கால அந்துப்பூச்சியை அடக்கியது. அது இலையில் நுண்முட்டை இடும் வகை. குறிப்பிட்ட சில புழுக்களோடு நின்றுகொள்வது. ஆனால் 1906-இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்ட கொம்ப்சிலூரா கொன்சின்னாட்டா அப்படியில்லை. அது இருநூறுக்கும் மேற்பட்ட இனப் புழுக்களைத் தாக்கும். அந்நாட்டின் பெரிய பட்டு அந்துப்பூச்சிகள் அருகியதற்கு அதுவும் காரணம் என்று பின்னர் தெரிந்தது. நம் நாட்டிலும் அட்லஸ் அந்துப்பூச்சி போன்ற பெரும் பூச்சிகள் உண்டு. பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கோ டக்கினிட் ஈயே பீடை. இந்தியப் பட்டுத் தொழிலில் ஊசி ஈ என்ற பெயரைக் கேட்டால் பயப்படுவார்கள்.

இலங்கையில் 1999-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இத்தகைய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. தனிநபர் செய்யும் வேலை அல்ல. வளர்த்தெடுத்த ஈக்களையும், எடுத்த மரத்தின் கீழேயே விட்டுவிடுங்கள்; வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இனம் அறிய ஒவ்வொரு வகையிலும் இரண்டு மூன்று ஈக்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். சிறகு முழுதாக விரிந்து உடல் இறுகும்வரை ஒரு நாள் விட்டு, பிறகு குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்து, மார்பின் வலப்புறமாக மெல்லிய ஊசி ஏற்றி உலர்த்துங்கள். மயிர்களை வைத்தே இனம் பிரிப்பார்கள். அவை உதிர்ந்தால் மாதிரி பாழ். காலியான கூட்டையும் புழுவின் தோலையும் சிறு உறையில் இட்டு அதே ஊசியில் கோத்து, பென்சில் சீட்டையும் சேர்த்துவிடுங்கள். பூச்சியியல் பிரிவுள்ள ஒரு பல்கலைக்கழகத்தை அணுகும்போது, எந்த மரத்தில் எந்தப் புழுவிலிருந்து வந்தது என்ற அந்தச் சீட்டைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள்.